அணிந்து ஆடும் ஒலிச் சிற்பம் மேடையில் ஒலிக்காவிட்டால்: அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் முறை

பள்ளி ஆண்டு விழாவுக்கும் கலைத்திருவிழாவுக்கும் மாணவர்கள் தாங்களே செய்து அணிந்து ஆடும் ஒலிச் சிற்பங்களைச் சில ஆண்டுகளாகப் பழுது பார்த்து வருகிறேன். தோளில் தகரத் தகடு, இடுப்பில் வாகை நெற்று, முதுகில் அலுமினியக் குழாய், மார்பில் தட்டலை மின்சைகையாக மாற்றும் பீசோ வில்லையும் சிறு ஸ்பீக்கரும் என்று குழுவுக்குக் குழு வடிவம் மாறினாலும் பழுதுகள் மாறுவதில்லை. ஒத்திகைக்கு முந்தைய நாள் வரை மேசையின் மேல் நன்றாக ஒலித்த பொருள், உடம்பில் ஏறியதும் ஊமையாகிவிடுகிறது. மேசையில் வைத்துப் பார்த்தே அதைச் சரிசெய்ய முயல்வதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு.

அமெரிக்கச் சிற்பி நிக் கேவ் 1992-இல் மரச் சுள்ளிகளைக் கோத்து ஓர் உடையைச் செய்தபோது அதைச் சிற்பமாக மட்டுமே நினைத்திருந்தார். அதை அணிந்து நகர்ந்த பிறகுதான் அது ஒலிப்பதை உணர்ந்தார். சவுண்ட்சூட் என்று அவர் பெயரிட்ட வரிசை அப்படித்தான் தொடங்கியது. நம் பழுதையும் அணிந்து பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஆகவே அறிகுறி எதுவானாலும் முதலில் இரண்டு சோதனைகள். மாணவரை மேடையில் அணியப்போகும் முழு உடையோடு, துப்பட்டாவும் பின்னலும் உட்பட, சிற்பத்தை அணிந்துகொண்டு பத்து அடி நடந்து மூன்று முறை குதிக்கச் சொல்லுங்கள். பிறகு அதைக் கழற்றி, தோள்பட்டைப் பட்டையைப் பிடித்துத் தொங்கவிட்டுக் குலுக்குங்கள். கையில் ஒலித்து உடம்பில் ஒலிக்காவிட்டால் பழுது கட்டும் முறையில் இருக்கிறது. இரண்டிலும் ஒலிக்காவிட்டால் பொருளில் இருக்கிறது. இரண்டிலும் ஒலித்து மேடையில் மட்டும் கேட்காவிட்டால் அரங்கில் இருக்கிறது. கீழே உள்ள தலைப்புகளில் உங்களுக்குரியதை நேராகப் படிக்கலாம்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: மூக்குக் குறடு, தடித்த ஊசி, தூண்டில் நரம்பு, இன்சுலேஷன் டேப், பத்துப் பன்னிரண்டு ஊக்குகள், ஒரு சாதாரண மல்டிமீட்டர்.

அறிகுறி 1: கையில் குலுக்கினால் ஒலிக்கிறது, அணிந்தால் ஒலிக்கவில்லை

*துணி ஒலியைக் குடிக்கிறதா?* இதுதான் முதல் சந்தேகம். பெரும்பாலும் இதுவே கடைசியும் ஆகிவிடும். தகடோ மணியோ துணியின் மேல் படிந்து கிடந்தால் அதிர்வு எழுந்த உடனே அடங்கிவிடும். ஒரு முறை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரு தோள்களிலும் மீன் செதில் போல அடுக்கிய எவர்சில்வர் தட்டுகளோடு வந்தான். வகுப்பறையில் அவன் தோளைக் குலுக்கினால் அடுத்த வகுப்பு எட்டிப் பார்க்கும். கழுத்தில் உரசுகிறதே என்று அவன் அம்மா அன்போடு உட்புறம் முழுவதும் வெல்வெட் துணி வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் அத்தனை தட்டும் அட்டை போலத் தட்தட் என்றன. வெல்வெட்டைப் பிரிக்காமலே அதைச் சரிசெய்தோம்: தோளுக்கும் தட்டுக்கும் நடுவில் பிரம்பு வளையம் ஒன்றைக் கொடுத்து, தட்டுகள் அந்த வளையத்திலிருந்து மட்டும் தொங்குமாறு செய்தோம். இரண்டு விரல் இடைவெளி கிடைத்ததும் ஒலி திரும்பிவிட்டது.

இதைச் சோதிக்க, அணிந்த நிலையிலேயே ஒரு தகட்டை விரலால் துணியிலிருந்து தூக்கிப் பிடித்துத் தட்டுங்கள். ஒலி நீண்டால் இடைவெளிதான் குறை. பிரம்பு, தடித்த கம்பி, அட்டைக் குழாய், பழைய வளையல் என்று எது கிடைத்தாலும் அது இடைவெளி தரும்.

*கட்டு மிக இறுக்கமா?* சிற்பம் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் மாணவர்கள் ஒவ்வொரு துண்டையும் இரண்டு மூன்று இடங்களில் கட்டிவிடுவார்கள். ஒலிக்க வேண்டிய துண்டை ஒரே இடத்தில் தளர்வாகக் கட்ட வேண்டும்; எடையைத் தாங்க வேண்டிய சட்டத்தைத்தான் பல இடங்களில் இறுக்கிக் கட்ட வேண்டும். இந்த இரண்டையும் ஒரே கயிற்றால் செய்ய முயன்றால் ஒன்று கெட்டே தீரும். பொய்க்கால் குதிரைக் கலைஞர்கள் கூட்டின் எடையைத் தோள் பட்டைகளில் ஏற்றிவிட்டு, கீழ்ப்பகுதியை ஆட்டத்துக்கு விட்டுவிடுவதைக் கவனித்தால் இது விளங்கும்.

*உடம்பின் அந்த இடம் அசைகிறதா?* இடுப்பில் தொங்கும் மணிகள், கையை மட்டும் வீசும் ஆட்டத்தில் ஒலிக்கமாட்டா. அசையும் இடத்துக்கு ஒலியை மாற்றுங்கள், அல்லது நடன ஆசிரியரிடம் பேசி ஓர் அசைவை மாற்றுங்கள். பின்னது எளிது; காசும் செலவில்லை. ஆனால் அவரிடம் கேட்கத்தான் யாருக்கும் துணிவு வருவதில்லை.

*யாரை அழைப்பது?* இடைவெளியும் கட்டும் சரியாக இருந்தும் சட்டமே உடம்போடு ஒட்டி வளைந்து கிடந்தால், தையற்காரரிடம் காட்டித் தோள் பட்டைகளை முதுகில் குறுக்காகப் போகுமாறு தைத்து வாங்குவது நல்லது. கம்பிச் சட்டத்தை வளைக்க வெல்டிங் பட்டறைக்குப் போகலாம். ஆனால் வெல்டு வைத்த இடத்தில் கூர்முனை நின்றுவிடும் என்பதால், வாங்கிய உடனே அரத்தால் தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.

அறிகுறி 2: கையில் குலுக்கினாலும் ஒலி செத்துக் கிடக்கிறது

*சலங்கையானால்* ஒவ்வொரு மணியாகக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே உள்ள இரும்புக் குண்டு துருவேறி ஒட்டியிருந்தால் மணி கனமாக இருக்கும், ஆனால் பேசாது. மெல்லிய கம்பியைப் பிளவு வழியாக விட்டு நெம்பினால் பெரும்பாலும் விடுபடும். பிறகு ஒரு பகல் வெயிலில் வையுங்கள். பளபளப்பாக இருக்க வேண்டும் என்று புளி போட்டு விளக்கிக் கழுவுவதால்தான் இது நேர்கிறது: வெளியே பித்தளை மின்னும், உள்ளே தங்கிய நீர் இரும்பைத் துருவாக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். விரிசல் விட்ட மணியை எதுவும் செய்ய முடியாது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதைக் கோத்துக்கொள்ளுங்கள்.

*நெற்றானால்* ஈரமா என்று பாருங்கள். சங்கப் புலவர் காதில் காற்று மோதும்போதெல்லாம் ஒலித்த அதே வாகை நெற்று, ஐப்பசி மழையில் இரண்டு நாள் வகுப்பறை மூலையில் கிடந்தால் வாயே திறக்காது. இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, இறுக மூடிய டின்னில் போட்டு வையுங்கள். காய்ந்தும் ஒலிக்காவிட்டால் நெற்றை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். குண்டூசித் தலை அளவு துளைகள் தெரிந்தால், வண்டு விதையைத் தின்றுவிட்டது. உள்ளே தூள்தான் இருக்கும். அந்த நெற்றை எறிந்துவிட வேண்டும், மற்றவற்றோடு சேர்த்து வைக்கக்கூடாது. மயில்கொன்றை (குல்மோஹர்) நெற்று நீளமானது, கெட்டியானது, வாகையைவிட ஆட்டத்தைத் தாங்கும். ஆகவே தோளுக்கும் முதுகுக்கும் அதையும், மெல்லிய சலசலப்பு வேண்டிய இடங்களுக்கு வாகையையும் வைக்கச் சொல்கிறேன்.

*குழாயானால்* தொங்கும் புள்ளியை அளந்து பாருங்கள். இரு முனையும் திறந்த குழாய் அதிரும்போது, முனையிலிருந்து நீளத்தில் ஏறத்தாழ 22.4 சதவீதத் தூரத்தில் உள்ள இடம் மட்டும் அசைவற்று நிற்கும். அங்கே துளையிட்டுக் கட்டினால் கயிறு அதிர்வைத் திருடாது. 40 செ.மீ. குழாய்க்கு அது முனையிலிருந்து சுமார் 9 செ.மீ. ஆகும். மாணவர்கள் அழகுக்காக உச்சியில் துளையிட்டிருப்பார்கள்; புதிய துளை ஒன்று போட்டால் அதே குழாய் பாடத் தொடங்கும். இதை முதன்முறை செய்து காட்டும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். பி.வி.சி. குழாயைத் தொங்கவிட்டு மணியோசையை எதிர்பார்ப்பது மட்டும் வீண்.

*பரல் போட்ட உருண்டையோ டின்னோ ஆனால்* எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று திறந்து பாருங்கள். சத்தம் போதவில்லை என்று மேலும் மேலும் கல்லை நிரப்புவார்கள். நிரம்ப நிரம்பப் பரல் ஒன்றையொன்று நெருக்கி நகரமுடியாமல் அடங்கிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மணலை எடுத்துவிட்டுக் குன்றிமணி அளவுக் கூழாங்கல்லோ உலர்ந்த பட்டாணியோ போட்டால் ஒலி தெளியும். குன்றிமணியையே போடக்கூடாது, அது நஞ்சு, டின் உடைந்தால் சிறுவர் கையில் கிடைக்கும்.

அறிகுறி 3: பக்கத்தில் நன்றாகக் கேட்கிறது, கடைசி வரிசைக்கு எட்டவில்லை

முதலில் மைக் செட்டில் ஓடும் பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பதிவு செய்த பாட்டின் தாளமும் உங்கள் தகட்டோசையும் ஒரே நேரத்தில் ஒலித்தால் தகடு தோற்கும். பாட்டில் எட்டு எண்ணிக்கை மௌனம் விட்டு அங்கே சிற்பங்கள் மட்டும் ஒலிக்குமாறு வெட்டித் தரச் சொல்வது, எந்தக் கருவியையும்விடப் பயன் தருவது.

அடுத்து, பத்துப் பேரும் ஒரே கணத்தில் ஒலிக்கிறார்களா என்று பாருங்கள். ஆளுக்கொரு நொடியில் ஒலித்தால் அது சந்தை இரைச்சல். சேர்ந்து ஒலித்தால்தான் கடைசி வரிசை நிமிரும்.

மின் ஒலியானால் ஸ்பீக்கரைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூடு எதுவும் இல்லாமல் மொட்டையாக ஒட்டிய ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் கொசு ரீங்காரம் போலத்தான் கேட்கும். இதற்கு நான் எப்போதும் கையாள்வது தேங்காய்ச் சிரட்டை. ஸ்பீக்கரின் விளிம்புக்கு ஏற்ற சிரட்டையைத் தேர்ந்து, விளிம்பைத் தரையில் தேய்த்துச் சமமாக்கி, ஓரத்தில் ஒயருக்கு ஒரு துளையிட்டு, ஸ்பீக்கரின் பின்பக்கம் சிரட்டைக்குள் இருக்குமாறு வைத்துக் காற்றுப் புகாமல் பசையிட்டு மூடுங்கள். அடித்தொண்டை கிடைத்துவிடும். அதை வண்ணம் தீட்டிச் சிற்பத்தின் பகுதியாகவே ஆக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லையானால், சிறு ஆம்ப்ளிஃபயரின் 3 வாட் திறந்தவெளி மேடைக்குப் போதாது என்று ஒப்புக்கொண்டு மைக் செட்காரரிடம் போக வேண்டியதுதான். பீசோ வில்லையை நேராக மிக்சரில் செருகினால் ஒலி தகரம் போல மெலிந்து கேட்கும், ஏனென்றால் அந்த வில்லைக்கு மிக அதிக மின்மறுப்புள்ள உள்ளீடு வேண்டும். வில்லைக்கும் மிக்சருக்கும் நடுவில் வைத்து இரண்டையும் பொருத்தும் சிறு பெட்டிதான் டி.ஐ. பாக்ஸ். "டி.ஐ. பாக்ஸ் இருக்கிறதா அண்ணே?" என்று முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். விழா நாளில் கேட்டால் அவரிடம் பதில் சொல்ல நேரம் இருக்காது.

அறிகுறி 4: மேடையில் ஏறியதும் ஊளையிடுகிறது

மைக்கின் ஒலி ஸ்பீக்கருக்குப் போய், ஸ்பீக்கரின் ஒலி மறுபடி மைக்குக்கே திரும்பும்போது எழும் ஊளை இது. மாணவர் மேடை ஓர ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கிறாரா என்று பார்த்து, நிற்கும் இடத்தை மேடையின் உள்பக்கமாக இரண்டடி நகர்த்துங்கள். அதிலேயே பாதி தீரும். சட்டையில் குத்தும் மைக்கானால் ஒலிக்கும் பொருளிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குத்தி, ஒலியளவைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். அப்போதும் ஊளை நிற்காவிட்டால் மைக்கைக் கழற்றிவிட்டு, சிற்பத்தோடு ஒட்டிய பீசோ வில்லையிலிருந்தே ஒலியை எடுக்கலாம்; அது காற்றில் வரும் ஒலியை மிகக் குறைவாகவே வாங்கும். எந்த அலைவரிசையில் ஊளை வருகிறது என்று கண்டு அதை மட்டும் இறக்குவது மைக் செட்காரரின் வேலை. மிக்சரில் நாம் கைவைக்கக்கூடாது.

அறிகுறி 5: மின்பகுதி முழு ஊமை

*பவர் பேங்க் தானாக அணைந்துவிட்டதா?* இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டதற்கு ஓர் இரவைக் கொடுத்தேன். திரைக்குப் பின்னால் காத்திருந்த ஐந்து சிறுமிகளின் சிற்பங்களும் திரை விலகும்போது ஊமையாக இருந்தன. நாள் முழுதும் சோதித்தபோது பழுதே இல்லை. மறுநாள் மாவட்டப் போட்டிக்காக, அன்றிரவு ஐந்திலும் இருந்த சால்டர் இணைப்புகள் அத்தனையையும் புதிதாக வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் மறுபடி ஊமை. பல பவர் பேங்குகள், தம்மிடமிருந்து எடுக்கப்படும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், போன் சார்ஜ் ஆகி முடிந்தது என்று எண்ணி அரை நிமிடம் கழித்துத் தாமே அணைந்துவிடும். ஆடும்போது ஒலி வந்துகொண்டே இருப்பதால் விழித்திருக்கும். அசையாமல் காத்திருக்கும்போதுதான் தூங்கிவிடும்.

சோதிப்பதற்கு, சிற்பத்தை இயக்கிவிட்டு இரண்டு நிமிடம் தொடாமல் வைத்திருந்து பவர் பேங்கின் விளக்கைப் பாருங்கள். அணைந்தால் மூன்று வழிகள் உண்டு. சில பவர் பேங்குகளில் பொத்தானை இருமுறை அழுத்தினால் சிறு கருவிகளுக்கான நிலைக்கு மாறும். இதற்குச் செலவே இல்லை. அது இல்லாவிட்டால் மூன்று ஏ.ஏ. ஆல்கலைன் பேட்டரிகளைத் தொடராக வைத்தால் 4.5 வோல்ட் கிடைக்கும், அதற்குத் தூக்கம் தெரியாது. பவர் பேங்கையே வைத்துக்கொள்ள வேண்டுமானால் 5 வோல்ட் முனைக்கும் தரை (கிரவுண்டு) முனைக்கும் நடுவில் 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் அது 100 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் இழுத்துக்கொண்டு பவர் பேங்கை விழித்திருக்கச் செய்யும். அரை வாட்டுக்கு மேல் வெப்பம் எழும் என்பதால் 1 வாட் ரெசிஸ்டராக வாங்கி, துணியில் படாமல் வையுங்கள்.

9 வோல்ட் சதுர பேட்டரி வைத்திருந்தால் வேறு எதையும் பார்க்காமல் அதை மாற்றுங்கள். ஸ்பீக்கரை ஓட்டும் வலு அதற்குக் கிடையாது.

*மெமரி கார்டு.* டி.எஃப். பிளேயர் மினி போன்ற சிறு பாடும் பலகைகள் 32 ஜி.பி. வரையுள்ள, ஃபேட்32 முறையில் வடிவமைத்த கார்டைத்தான் படிக்கும். கார்டை எடுத்து மறுபடி அழுத்திச் செருகிப் பாருங்கள். குதிக்கும்போது அது வெளியே வந்திருக்கக்கூடும். பலகையின் சிறு விளக்கு எரிந்தும் ஒலி வராவிட்டால் பலகை பாடிக்கொண்டுதான் இருக்கிறது, ஸ்பீக்கர் ஒயர்தான் அறுந்திருக்கிறது.

*பீசோ வில்லை.* மல்டிமீட்டரைக் குறைந்த நேர்மின்னழுத்த (டி.சி. வோல்ட்) அளவுக்கு வைத்து இரு முனைகளையும் வில்லையின் ஒயர்களில் தொட்டுக்கொண்டு வில்லையை விரலால் தட்டுங்கள். எண் துள்ளினால் வில்லை உயிரோடு இருக்கிறது. துள்ளாவிட்டால் பெரும்பாலும் வெள்ளைப் பீங்கான் வட்டத்தின் மேல் வைத்த சால்டர் பெயர்ந்திருக்கும். மறுபடி சால்டர் வைக்கும்போது ஓரிரு நொடிக்கு மேல் சூட்டுக்கோலை அங்கே வைக்காதீர்கள், வெள்ளிப் பூச்சு கழன்று வந்துவிடும். வில்லை சில பத்து ரூபாய்க்குள் கிடைக்கும் பொருள் என்பதால், இரண்டாவது முறையும் பெயர்ந்தால் புதிது போடுவதே நல்லது.

பேட்டரி, கார்டு, வில்லை, ஸ்பீக்கர் நான்கும் நலம் என்று தெரிந்த பிறகே, நிரல் எழுதி எல்லாவற்றையும் இயக்கும் அர்டுயினோ பலகையைச் சந்தேகியுங்கள். அதையும் மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, அப்போதும் ஊமையானால் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தால் வேலை பாதியாகும்.

அறிகுறி 6: ஆடத் தொடங்கியதும் விட்டு விட்டு ஒலிக்கிறது

பிரெட்போர்டில் செருகிய ஒயர்களோடு மேடை ஏறியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். பிரெட்போர்டு மேசைக்கானது, ஆடும் உடம்புக்கு எல்லாவற்றையும் துளைப் பலகையில் சால்டர் வைத்தே ஆக வேண்டும்.

அதற்குப் பிறகும் விட்டு விட்டு ஒலித்தால், மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து ஒவ்வொரு ஒயரின் இரு முனையையும் தொட்டுக்கொண்டு ஒயரை நெளித்துப் பாருங்கள். பீப் துண்டுபடும் இடத்தில் உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. முழங்கை, அக்குள், இடுப்பு ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் அறுபடும். ஒற்றை இழை ஒயரைப் பல இழை ஒயராக மாற்றி, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு விரல் நீளம் தொய்வு விட்டு, சால்டர் வைத்த இடத்துக்குச் சற்று முன்னால் ஒயரைச் சட்டத்தோடு நூலால் கட்டிவிடுங்கள். இழுவை நூலின் மேல் விழ வேண்டும், சால்டரின் மேல் விழக்கூடாது.

ஒயர்களெல்லாம் சரியாக இருந்து, சத்தம் உயரும் கணத்தில் மட்டும் எல்லாமே நின்று புதிதாகத் தொடங்கினால், அது மின்னழுத்தம் தாழ்ந்து பலகை மறுபடி விழிக்கும் அறிகுறி. புதிய பேட்டரி போட்டுப் பாருங்கள், ஒலியளவைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். பிறகு பாடும் பலகையின் மின்முனைகளுக்கு மிக அருகில் 470 அல்லது 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை முனை மாறாமல் வையுங்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் போட்டாலும் இழுவை குறையும், ஒலியும் கொஞ்சம் குறையும்.

அறிகுறி 7: யாரும் தொடாமலே ஒலிக்கிறது

மணியும் நெற்றும் இதைச் செய்தால் பழுது அன்று; மூச்சு விட்டாலே அவை ஒலிக்கும். மௌனம் வேண்டிய காட்சியில் மாணவரே கையால் அணைத்துப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அல்லது உள்பக்கம் ஒரு துணிப்பட்டை வைத்து இழுத்தால் அது மணிகளைத் தழுவிக்கொள்ளுமாறு செய்யலாம். முதல் அறிகுறியில் நம்மைப் படுத்திய துணி இங்கே உதவிக்கு வரும்.

மின்பகுதி செய்தால், பீசோ வில்லையின் இரு ஒயர்களுக்கும் நடுவில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் தட்டியபோது எழுந்த மின்னூட்டம் வடியாமல் நின்று தொடர்ந்து ஒலிக்கவைக்கும். பொத்தான்களானால், உள்ளீட்டு முனை எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறதா என்று பார்த்து, பலகைக்குள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரை நிரலில் இயக்குங்கள். தொடு உணரிகளும் மின்கடத்தும் நூலும் வியர்வையில் நனைந்தால் தாமாகவே தொடப்பட்டதாக எண்ணிக்கொள்ளும். அவற்றுக்கும் தோலுக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்துத் தைப்பது நம் ஊர் வெக்கையில் கட்டாயம்.

பிறகு வரம்பு எண், அதாவது எதைத் தாண்டினால் ஒலிக்க வேண்டும் என்று நிரலில் வைக்கும் எண். அர்டுயினோ படிக்கும் 0 முதல் 1023 வரையிலான எண்ணை, மாணவர் அணிந்து நடக்கும்போதும் மிதித்து ஆடும்போதும் கணினித் திரையில் பாருங்கள். ஒரு மாணவிக்கு நடையில் 60-ஐத் தாண்டவில்லை, மிதியில் 400-க்கு மேல் போனது. 200 என்று வைத்தோம், தீர்ந்தது. அவள் தங்கை அதே சிற்பத்தை அணிந்தபோது மிதி 150-ஐத் தொடவில்லை. வரம்பு ஆளுக்கு ஆள் மாறும்.

கடைசியாக ஒரு குறும்பு: ஸ்பீக்கரும் பீசோ வில்லையும் ஒரே தகட்டில் இருந்தால், ஸ்பீக்கரின் அதிர்வே வில்லையைத் தட்டிவிடும், ஒலி ஒலியை அழைத்து ஓயாமல் ஓடும். இரண்டையும் வேறு வேறு துண்டுகளில் வைக்க முடியாவிட்டால், ஒலி ஓடும் வரை வில்லையைக் கவனிக்காதே என்று நிரலில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

அறிகுறி 8: தட்டியது ஒன்று, ஒலித்தது வேறொன்று, அல்லது பிந்தி ஒலிக்கிறது

வேறு ஒலி வந்தால் கார்டில் உள்ள கோப்புகளைப் பாருங்கள். வரிசை எண்ணை மட்டும் கொடுத்து அழைத்தால் அந்தப் பலகை கோப்பின் பெயரைப் பார்க்காமல், கார்டில் ஏற்றப்பட்ட வரிசையையே பார்க்கும். கார்டைத் துடைத்துவிட்டு 0001, 0002 என்று பெயரிட்டு ஒவ்வொன்றாக அதே வரிசையில் ஏற்றுங்கள்.

பிந்தி ஒலித்தால் புளூடூத் ஸ்பீக்கரா என்று கேளுங்கள். ஆம் என்றால் ஒயர் போடுவதைத் தவிர வேறு மருந்தில்லை. ஒயர் இருந்தும் பிந்தினால் ஒலிக்கோப்பின் தொடக்கத்தில் மௌனம் இருக்கிறதா என்று பார்த்து வெட்டுங்கள்.

அறிகுறி 9: பாதி ஆட்டத்தில் கழன்று விழுகிறது, அல்லது மாணவருக்கு வலிக்கிறது

குளூ கன் பசையால் உலோகத்தை ஒட்டியிருந்தால் அது விழுந்தே தீரும். நண்பகலில் மூடிய வேனில் ஏற்றிப்போன இருபது நிமிடத்தில் பசை இளகி, இறங்கும்போது தகடுகள் வேன் தரையில் கிடந்ததை இரண்டு முறை பார்த்துவிட்டேன். உலோகத்துக்குத் துளையும் நரம்பும்தான் சரி. நரம்பு முடிச்சு வழுக்கும். முடிச்சின் மேல் ஒரு சொட்டு உடனடிப் பசை வையுங்கள். துளையின் விளிம்பை அரத்தால் தேய்க்காவிட்டால் அதே விளிம்பு நரம்பை அறுத்துவிடும்.

எடையைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நடுநிலைப் பள்ளி மாணவருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் நான் விடுவதில்லை. கழுத்தில் எடை தொங்கவே கூடாது. தோளும் இடுப்பும்தான் சுமக்க வேண்டும். ஆட்டத்தில் சிக்கிக்கொண்டால் ஒரே இழுப்பில் கழலுமாறு முதுகுப் பட்டைக்கு வெல்க்ரோ போடுங்கள். தோலில் வெட்டுப்பட்டால் ஒத்திகையை நிறுத்திவிட்டுக் காயத்தைக் கழுவுங்கள். துருப்பிடித்த தகரமானால் தடுப்பூசிக்கு அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், விழா முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அறிகுறி 10: சூடு, கருகிய மணம், உப்பிய பேட்டரி

இங்கே சோதனை கிடையாது. முதலில் சிற்பத்தைக் கழற்றுங்கள், பிறகு மின் இணைப்பைப் பிடுங்குங்கள், அதன் பிறகு யோசியுங்கள்.

ஆறிய பின் சூடு ஆம்ப்ளிஃபயரில் இருந்ததா, பேட்டரியில் இருந்ததா என்று பாருங்கள். பி.ஏ.எம்.8403 போன்ற இருவழி ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர்களின் எதிர்முனைகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தாலோ தரையோடு இணைத்தாலோ அது சுடும். ஒயர் மிச்சம் பிடிக்கப் பார்க்கும் மாணவர்கள் தவறாமல் செய்வது இது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயர்கள் தனித்தனியாகப் போக வேண்டும்.

பேட்டரி சுட்டிருந்தால் அதை மறுபடி பயன்படுத்தக்கூடாது. பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய லித்தியம் செல்களை மாணவர்கள் கொண்டுவந்தால், அவை எவ்வளவு நன்றாக ஓடினாலும் குழந்தை உடம்பில் கட்ட நான் சம்மதிப்பதில்லை. கடையில் வாங்கிய, உறை கழற்றாத பவர் பேங்கோ ஏ.ஏ. பேட்டரியோ போதும், அதையும் மார்பிலோ முதுகிலோ தைக்காமல், இடுப்பின் வெளிப்பக்கத்தில் உடனே எடுக்கக்கூடிய பையில் வையுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ மறுபடி சார்ஜ் போடவோ கூடாது. உலர்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, வகுப்பறைக்கு வெளியே திறந்த இடத்தில் விட்டுவிட்டு, மின்கழிவு வாங்குபவரிடம் சேருங்கள். குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், குப்பை லாரியின் அழுத்தத்தில் அது தீப்பிடிக்கும்.